என்-6 இலையில் வெள்ளை

ஜனவரி 6

கண்ணாடிக் கூடத்தின் கூரையில் உறைபனி. எட்டரை மணிக்குத்தான் கரைந்தது. குவார்ட்டர்ஸில் ஹீட்டர் மறுபடியும் பழுது. பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு ஆய்வகத்துக்குப் போனேன். கை மரத்துப்போய்ச் சாவி இரண்டு முறை கீழே விழுந்தது.

இன்று மதிப்பெண் போடும் நாள். எட்டு ஓட்ஸ் ரகங்களின் இலைத் துண்டுகளை அகர் கூழ் நிரப்பிய தட்டில் பதித்து, சாம்பல் நோயின் வித்துகளைத் தூவிப் பத்து நாள் ஆகிறது. இலை சுத்தமாக இருந்தால் 0. மாவு கொட்டியது போல் வெள்ளை படர்ந்திருந்தால் 4. பூசணத்துக்கு எந்த ரகத்தை வெல்லும் வீரியம் இருக்கிறது என்பது இந்த எண்களில் தெரிந்துவிடும். ஏழு ரகங்களில் எல்லாம் எதிர்பார்த்தபடியே. எட்டாவது என்-6. நான் வளர்த்த ரகம். ஆறு வருடமாக அதற்கு நேரே பூஜ்யம்தான் எழுதி வருகிறேன்.

இன்று என்-6 துண்டுகளில் மூன்றில் வெள்ளை.

கலப்பு. வேறென்ன? யாரோ கவனமில்லாமல், அல்லது கவனத்தோடு, தட்டைத் திறந்திருக்கிறார்கள். மதிப்பெண் புத்தகத்தில் அந்த வரியைக் காலியாக விட்டேன். மார்ச் 12-இல் ரக வெளியீட்டுக் குழு கூடுகிறது. மலை முழுவதும் மாட்டுத் தீவனத்துக்கு என்-6 கொடுக்கலாமா என்று அன்று முடிவாகும். இந்தச் சமயம் பார்த்து இது வருவானேன்?

இனி எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைக்கப் போகிறேன்.

ஜனவரி 7

பிலோமினாவைக் கூப்பிட்டுத் தட்டைக் காட்டினேன். பதினொரு வருடமாகத் தினக்கூலியில் இந்த ஆய்வகத்தில் இருப்பவள். அவளுடைய பணி நிரந்தரக் கோப்பு அக்டோபரிலிருந்து நிலையத் தலைவர் மேஜையில் இருக்கிறது. தட்டு மாற்றுவது, விதைப் பொட்டலம் கட்டுவது, கண்ணாடிச் சாமான் கழுவுவது எல்லாம் அவள் கையில்.

"மேடம், இது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"கையைக் கழுவாம தட்டைத் தொட்டியா?"

"இல்லீங்க மேடம். ஸ்பிரிட் போட்டுத் தொடச்சுட்டுத்தான்..."

"அப்ப எப்படி வந்துச்சு?"

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. அதைக் குறித்துக்கொள்கிறேன்: ஆச்சரியப்படவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பும் ஒருமுறை இப்படி ஆனது. அப்போதும் தட்டு மாற்றியவள் இவளே.

ஜனவரி 9

ஆய்வகத்துக்கு மூன்று சாவிகள். ஒன்று என்னிடம், ஒன்று பிலோமினாவிடம், ஒன்று இளம்பரிதியிடம். இளம்பரிதி எட்டு மாதம் முன்பு தர்மபுரியிலிருந்து வந்து சேர்ந்த இளநிலை விஞ்ஞானி. முப்பத்தொரு வயது. வந்த முதல் வாரமே என் பழைய மதிப்பெண் புத்தகங்களைக் கேட்டான். "சும்மா படிச்சுப் பாக்கத்தான் மேடம்." சும்மா யாரும் ஆறு வருடப் புத்தகத்தைப் படிப்பதில்லை. நான் ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம். அதற்குள் இந்தத் திட்டம் யார் கைக்குப் போகும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இங்கே உண்டு.

தட்டுகளின் விளிம்பில் கண்ணாடியில் எழுதும் பென்சிலால் ஒரு சின்னக் கோடு, மூடியிலும் அதற்கு நேராக ஒரு கோடு போட்டு வைத்தேன். யாராவது திறந்து மூடினால் கோடு விலகும்.

ஜனவரி 13

கோடு எதுவும் விலகவில்லை. கோட்டைக் கவனித்திருப்பார்கள்.

ஜனவரி 16

பொங்கல் விடுமுறை. தங்கை கரூரிலிருந்து கூப்பிட்டாள். வரச் சொன்னாள். தட்டுகளை விட்டுவிட்டு எப்படி வருவது? தட்டில் இருப்பவை உயிருள்ள இலையில் மட்டுமே வாழும் பூசணங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புது இலைக்கு மாற்றாவிட்டால் செத்துப்போகும். நேற்றும் இன்றும் நானே போய்ப் பார்த்தேன். துணி காய நாலு நாள் ஆகிறது. எல்லாவற்றிலும் மூடுபனி வாடை.

ஜனவரி 19

மறுபடியும். இந்த முறை தட்டு மாற்றியது, தூவியது எல்லாம் நானே. என்-6 துண்டுகளில் ஐந்தில் வெள்ளை.

இளம்பரிதி தோளுக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"மேடம், இது என்-6 தானுங்களே?"

"கலப்பு" என்றேன்.

"எதோட கலப்பு மேடம்?"

"எதோடன்னா?"

"இல்ல, நம்மகிட்ட இருக்கிறது மூணே வகைப் பூசணம். மூணுக்குமே என்-6ல வளர்ற சக்தி கிடையாதுன்னு நீங்களே கட்டுரை எழுதியிருக்கீங்க. ஒண்ணோட ஒண்ணு கலந்தாக்கூட அது என்-6ல வளராதுங்களே. வளருதுன்னா வெளியில நாலாவது ஒண்ணு இருக்கணும்."

மெதுவாகத்தான் சொன்னான். அந்த மெதுவான பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை. ஒத்திகை பார்த்த மாதிரி இருந்தது.

"இலை என்-6 இலைதானான்னு மொதல்ல தெரியணும்" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். வீட்டுக்கு நடந்து வரும்போது அது சரிதான் என்று பட்டது. வித்தில் கலப்பு இல்லையென்றால் விதையில் கலப்பு. இலைக்காக விதைக்கும் என்-6 பொட்டலத்தில் வேறு ரக விதையை வைத்துக் கட்டினால் யாருக்குத் தெரியும்? பொட்டலம் கட்டுகிறவளுக்குத் தெரியும்.

ஜனவரி 20

குளிர் அறையில் என்-6 தாய் விதை இருக்கிறது. மெழுகு முத்திரை வைத்த டப்பா. ஆறு வருடத்துக்கு முன்பு நானே மூடியது. முத்திரை உடையவில்லை. நாற்பது விதை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. குவார்ட்டர்ஸ் சமையலறை ஜன்னலில் நான்கு தொட்டிகளில் விதைத்திருக்கிறேன். மண்ணை வாணலியில் வறுத்தேன். வீடெல்லாம் கருகல் வாடை.

இந்த இலையில் பூசணம் வராது. வராவிட்டால் பொட்டலத்தில் இருந்தது என்-6 அல்ல என்று நிரூபணமாகும்.

ஜனவரி 23

மாலை பஸ் நிறுத்தத்தில் பிலோமினாவும் இளம்பரிதியும். அவள் நான்காக மடித்த ஒரு தாளைக் கொடுத்தாள். அவன் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டிப் பைக்குள் வைத்தான். என்னைப் பார்த்ததும் அவள் முந்தானையைச் சரி செய்துகொண்டு, "பஸ்ஸு இன்னும் வரலீங்க மேடம்" என்றாள். நான் பஸ்ஸைப் பற்றிக் கேட்கவில்லை.

ஜனவரி 24

நாற்பது விதையில் முளை விட்டவை முப்பத்தாறு.

ஜனவரி 27

தலைவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். 'என்-6 விதைப் பொட்டலங்களில் வேற்று ரக விதை கலந்திருப்பதாக ஐயப்படுகிறேன். பொறுப்பு: தினக்கூலிப் பணியாளர் பிலோமினா.' ஐயப்படுகிறேன் என்றுதான் எழுதினேன். உறுதியாக எழுதவில்லை.

தலைவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நிரந்தரம் லிஸ்ட் முப்பத்தொண்ணாம் தேதி போகணும் மேடம். இது ஃபைல்ல ஏறிட்டா அந்தப் பொண்ணு பேரை அனுப்ப முடியாது. ஒரு பத்து நாள் பொறுத்துப் பாக்கலாமா?"

தொட்டியில் செடி வளர்கிறது. பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்குள் தெரிந்துவிடும். அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் விஷயம் வெளியே போய்விடும்.

"விதி எப்படியோ அப்படியே செய்யுங்க சார்" என்றேன்.

மெமோ பிற்பகலே போய்விட்டது. விளக்கம் தரப் பதினைந்து நாள். அதுவரை ஆய்வகத்துக்குள் வரக் கூடாது. தோட்டத்தில் களை எடுக்கும் வேலை.

ஜனவரி 28

பிலோமினா மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வக வாசலுக்கு வெளியே நின்றாள். உள்ளே காலை வைக்கவில்லை.

"மேடம், இதுல விதையை மாத்திக் கட்டுனேன்னு போட்டிருக்கு."

"விளக்கம் எழுதிக் குடு."

"நான் எதுக்குங்க மேடம் மாத்தணும்? எனக்கு அதுல என்ன கெடைக்கப் போவுது?"

"உனக்கு என்ன கிடைக்கும்னு எனக்குத் தெரியாது. யார் சொல்லிச் செஞ்சேன்னும் தெரியாது."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பிறகு முகம் மாறியது. "இளம்பரிதி சாரையா சொல்றீங்க? மேடம், எம்மவ காலேஜ் அப்ளிகேசனுக்கு அவர்கிட்ட அட்டஸ்டேசன் கையெழுத்து கேட்டேன். அவ்வளவுதாங்க."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

சாவியை வாசல்படியில் வைத்துவிட்டுப் போனாள். நான் குனிந்து எடுக்க வேண்டியிருந்தது. முழங்கால் வலி.

ஜனவரி 30

தட்டிலிருந்து வெள்ளையைத் தூரிகையில் எடுத்துச் சமையலறைத் தொட்டிகளின் இலைமேல் தடவினேன். பிறகு ஆய்வக வேலை. எட்டு தட்டு மாற்றி, நாற்பது தட்டு கழுவி, நான்கு மணிக்கு முடித்தேன். பிலோமினா ஒன்றரை மணிக்குள் முடிப்பாள்.

பிப்ரவரி 4

ஹீட்டர்காரர் வந்தார். உள்ளே காயில் கம்பி போயிருக்கிறதாம். தொட்டிகளைப் பார்த்து, "அம்மா, கோதுமையா போட்டிருக்கீங்க?" என்றார். ஓட்ஸ் என்றேன். அவர் இருந்த நேரம் முழுவதும் சமையலறை வாசலிலேயே நின்றேன்.

இலையில் இன்னும் ஒன்றுமில்லை. ஆறாம் நாள் முடியாமல் எதுவும் தெரியாது.

பிப்ரவரி 9

நான்கு தொட்டியிலும் வெள்ளை. முப்பத்தாறு செடியில் முப்பத்தாறு.

சமையலறை ஜன்னல் சரியாக மூடுவதில்லை. ஹீட்டர்காரர் வந்து போனார். முத்திரை வைத்த டப்பா என்றாலும் ஆறு வருடம் குளிர் அறையில் இருந்தது.

தொட்டிகளை வெந்நீரில் அமுக்கிக் கழுவிவிட்டேன். தொட்டி முற்றத்தில் காய்கிறது.

பிப்ரவரி 10

காட்டெருமை ஒன்று வேலியை உடைத்து உள்ளே வந்து படுத்திருந்தது. வன இலாகாவுக்குப் போன் செய்தோம். யாரும் வெளியே வரவில்லை. அலுவலகம் பாதி நாள். கடையில் வர்க்கி பிஸ்கட் வாங்கினேன். நமத்துப்போயிருந்தது.

பிப்ரவரி 11

பதினைந்தாம் நாள். பிலோமினா விளக்கம் கொடுத்தாள். விதிப்படி அது என் வழியாகத்தான் தலைவருக்குப் போக வேண்டும். அவள் உறையை ஒட்டவில்லை.

ஒரு பக்கக் கடிதம். விதையை மாற்றவில்லை, பதினொரு வருடத்தில் ஒரு பொட்டலம்கூட மாற்றிக் கட்டியதில்லை என்று எழுதியிருந்தாள். அதோடு தினசரி காலண்டரிலிருந்து கிழித்த ஐந்து தாள்கள். தாள்களின் பின்பக்கம் பென்சிலில் அவள் கையெழுத்து. மதிப்பெண் புத்தகத்தில் எழுத அவளுக்கு உரிமை இல்லை. அதனால் பார்த்ததைக் காலண்டர் தாளில் எழுதி டிபன் பைக்குள் வைத்திருந்திருக்கிறாள்.

முதல் தாள் இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட் 17. 'என் ஆறு எலையில வெள்ளை ரெண்டு புள்ளி. மேடத்துகிட்ட காட்டினேன். கலப்புன்னு சொன்னாங்க. வெந்நீர்ல போட்டு அழிச்சேன்.'

அக்டோபர் 3. 'என் ஆறு வெள்ளை நாலு எலை. மேடம் கலப்புன்னாங்க. அழிச்சேன்.'

போன வருடம் பிப்ரவரி 20, செப்டம்பர் 8, டிசம்பர் 11. எல்லாவற்றிலும் அதே வரிகள். செப்டம்பரில் மட்டும் கூடுதலாக ஒன்று. 'மேல்ஹட்டி போஜன் அண்ணன் காட்டுலயும் வெள்ளையா இருக்குன்னு போன்ல சொன்னாரு. மேடத்துகிட்ட சொன்னேன். பாக்கலாம்னாங்க.'

யாரையும் குற்றம் சொல்லவில்லை. பொய் சொன்னார்கள் என்றோ மறைத்தார்கள் என்றோ ஒரு வார்த்தை கிடையாது.

கதவைத் தாழிட்டுவிட்டு மதிப்பெண் புத்தகங்களை எடுத்தேன். ஐந்து தேதியிலும் என்-6க்கு நேரே 0. நான் போட்டது. அக்டோபர் 3-இல் முதலில் 3 என்று எழுதி, அடித்து, பக்கத்தில் 0 எழுதி, சுருக்கொப்பமும் வைத்திருக்கிறேன். 'கலப்பு' என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. மற்ற நாலு இடத்தில் அந்தக் குறிப்புகூட இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருமுறை ஆனது என்று ஜனவரியில் இதே நோட்டில் எழுதினேன். ஒருமுறை அல்ல. அப்போதே எனக்குத் தெரியும். எழுதும்போது பேனா அங்கே கொஞ்சம் நின்றது. அதுவும் நினைவிருக்கிறது.

பணத்துக்காகச் செய்யவில்லை, பெயருக்காகச் செய்யவில்லை என்று எழுத வந்தேன். பெயருக்காகத்தான். என்-6 வீழாது என்று கட்டுரை எழுதிய பிறகு, வீழ்ந்திருக்கிறது என்று சொல்லும் இலை எதுவும் எனக்கு இலையாகத் தெரியவில்லை. கலப்பு என்ற சொல் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. இலையை வெந்நீரில் போடவும் ஆள் இருந்தாள்.

உறை என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. இழுப்பறையைப் பூட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 13

மேல்ஹட்டிக்குத் தனியாகப் போனேன். போன பருவத்தில் என்-6 சோதனை விதை கொடுத்த பத்து விவசாயிகளில் போஜனும் ஒருவர். ஆறு மாடு வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறார். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து அரை மணி நேரம் ஏற வேண்டும். ஏறியதில்லை.

அவருடைய ஓட்ஸ் காடு தூரத்திலிருந்தே பச்சையாகத் தெரியவில்லை. உள்ளே நடந்தபோது கறுப்புப் புடவையின் ஓரம் முழங்கால் வரை வெளுத்துவிட்டது.

"செப்டம்பர்லயே உங்க ஆபீசுப் பொண்ணுகிட்டச் சொன்னேனே அம்மா. பெரிய மேடம் வந்து பாப்பாங்கன்னுச்சு."

"மாடு திங்குதா?"

"மோந்து பாத்துட்டுத் தலையத் திருப்பிக்குது. அலசிப் போட்டாக் கொஞ்சம் திங்கும். பால் கொறஞ்சு போச்சு. எல்லாருக்கும் இதே வெதைதான் வருதுன்னு சொல்றாங்களே, நெஜமா?"

அவர் கேட்டது கோபத்தில் இல்லை. வருமா வராதா என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். தெரிந்தால் வேறு விதைக்குச் சொல்லிவைப்பார், அவ்வளவுதான். டீ கொடுத்தார். குடித்து முடித்தேன்.

"தெரியல. பாக்கலாம்" என்றேன் கடைசியில்.

இறங்கி வரும்போது அந்தச் சொல் உறுத்தியது. செப்டம்பரிலும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 14

பிலோமினாவின் விளக்கத்தைத் தலைவரிடம் கொடுத்தேன். காலண்டர் தாள்கள் ஐந்தும் அதோடு. என் மதிப்பெண் புத்தகத்தின் ஐந்து பக்கங்களின் நகலும், சமையலறைத் தொட்டிகளைப் பற்றி நான் எழுதிய இரண்டு பக்கமும் அதோடு. மெமோவுக்குக் காரணமான என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று தனியாக ஒரு கடிதம்.

தலைவர் எல்லாவற்றையும் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"மேடம், இது யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு, எனக்கு, பிலோமினாவுக்கு."

"இளம்பரிதிக்கு?"

"பாதி தெரியும். அவர்தான் முதல்ல கேட்டார்."

"அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசுறேன். இந்தத் தாளையெல்லாம் திருப்பி வாங்கிட்டுச் சாதாரணமா ஒரு விளக்கம் எழுதிக் குடுக்கட்டும். நிரந்தரத்துக்கு நான் வழி பண்றேன். மார்ச் பன்னண்டு முடியட்டும். அடுத்த வருஷம் நோய் புதுசா வந்துச்சுன்னு நீங்களே எழுதுங்க. யாருக்கும் நஷ்டமில்ல."

எவ்வளவு சுலபமாகச் சொன்னார். எனக்கு உடனே அவர்மேல் சந்தேகம் வந்தது. இதற்கு முன் எத்தனை கோப்பில் இப்படிச் செய்திருப்பார்? பிறகு, அவர் சொல்லச் சொல்ல என் தலை மெல்ல ஆடிக்கொண்டிருந்ததை நானே கவனித்தேன்.

"நஷ்டம் இருக்கு சார். நேத்து மேல்ஹட்டி போயிருந்தேன்."

"உங்களுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு மேடம்."

"தெரியும். பதிவு நம்பர் போட்டுக் குடுங்க."

குமாஸ்தா முத்திரை குத்தி நம்பர் போடும் வரை அங்கேயே நின்றேன். அந்த ஐந்து தாள்களையும் எண்ணித்தான் உள்ளே வைத்தேன். அந்த அறையில் நான் யாரையும் நம்பவில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

பிப்ரவரி 17

பிலோமினா திரும்ப ஆய்வகத்துக்கு வந்தாள். சாவியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

"தப்பு என்னோடது" என்றேன்.

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுத் தட்டு கழுவப் போனாள்.

மார்ச் 12

குழுக் கூட்டம். நானே எழுந்து நின்று சொன்னேன். என்-6 வெளியீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஒருவர், "ஆறு வருஷமா என்ன பாத்துட்டிருந்தீங்க?" என்று கேட்டார். கடைசி இரண்டு வருடத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொன்னேன். கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். விசாரணை தனியாக வரும்.

திட்டம் இனி இளம்பரிதி பொறுப்பில். வெளியே வரும்போது அவன் என் பையைத் தூக்கிக்கொண்டான். ஏன் தூக்குகிறான் என்று ஒரு கணம் யோசித்தேன். பை கனமாக இருந்தது, அதனால் தூக்கினான்.

மார்ச் 26

பத்து நாளாக மலை முழுவதும் இலை சேகரிப்பு. இளம்பரிதி வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறான். ஏழு ஹட்டிக் கிராமம், முப்பத்தொரு காடு. நானும் பிலோமினாவும் நடந்தோம். முதல் நாளே அவள் கேட்டாள். "இங்கெல்லாம் முன்னாடி வந்ததே இல்லீங்களே மேடம்?" வந்ததில்லை. ஆறு வருடமும் ஜீப் நிற்கும் இடங்களில், சாலையோரத்தில் மட்டுமே இலை பறித்திருக்கிறேன். ஒரே சாலை, ஒரே வளைவுகள். அதில் கிடைத்ததுதான் மூன்று வகை. மலையில் மூன்றே வகைதான் என்று உலகத்துக்கு எழுதினேன்.

முழங்காலுக்குத் தைலம்.

ஏப்ரல் 18

முதல் சுற்று முடிவு. முப்பத்தொரு மாதிரியில் பதினேழு வகை. அதில் ஒன்பதுக்கு என்-6ஐ வெல்லும் வீரியம் உண்டு. இவை நேற்று வந்தவை அல்ல.

ஏப்ரல் 22

தலைவர் கூப்பிட்டுச் சொன்னார். மெமோ ரத்தானது ஃபைலில் ஏறிவிட்டது. ஆனால் நிரந்தரப் பட்டியல் ஜனவரி 31 அன்றே பிலோமினா பெயர் இல்லாமல் போய்விட்டது. அடுத்த பட்டியல் எப்போது என்று அரசாணை வந்தால்தான் தெரியும். போன முறை ஒன்பது வருடம் ஆனது.

நானே போய்ச் சொல்வதுதான் முறை என்று மாலையில் அவள் வீட்டுக்குப் போனேன். தேயிலைத் தோட்டத்து லயன் வீடு. அவள் மகள் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியுமுங்க மேடம். பிப்ரவரியிலயே க்ளார்க் சொல்லிட்டாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்னங்க மேடம் ஆவப் போவுது?"

"உன் பேரைச் சேக்கச் சொல்லி மேல எழுதறேன். மந்திரி ஆபீஸ் வரைக்கும் எழுதறேன்."

"எழுதுங்க." அடுப்பில் ஏதோ பொங்கியது. எழுந்து போய் இறக்கி வைத்துவிட்டு வந்தாள். "ஆனா ஒண்ணு மேடம். மன்னிச்சிட்டேன்னு மட்டும் என் வாயால சொல்ல வெக்காதீங்க. எம்மவளுக்கு இந்த வருசம் காலேஜு. நான் அத நெனப்பனா, இத நெனப்பனா?"

அதற்காக வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்காகவும்தான் போயிருந்தேன். காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 29

இரண்டாம் சுற்று மதிப்பெண். இனிப் பிலோமினா பார்த்துச் சொல்ல வேண்டும், நான் எழுத வேண்டும், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நானே இளம்பரிதியிடம் கேட்டு வாங்கிக்கொண்ட ஏற்பாடு. அவள் கண் என் கண்ணைவிடக் கூர்மை.

முதல் தட்டைத் திறந்தாள். இலையைப் பார்த்தாள். எண்ணைச் சொல்லாமல் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, செல்போனை எடுத்துப் படம் பிடித்தாள். சரியாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தாள். அதன் பிறகுதான், "நாலுங்க மேடம்" என்றாள்.

"நாலு" என்று எழுதினேன். நான் எழுதி முடித்ததும் என் பேனா நின்ற இடத்தை எட்டிப் பார்த்து, புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

"எதுக்கு இது?"

"இருக்கட்டுமுங்க மேடம்."

மொத்தம் அறுபத்திரண்டு தட்டு. ஒவ்வொன்றுக்கும் இப்படியே இரண்டு படம். பதினொரு வருடத்தில் அவள் என் கையை இப்படிப் பார்த்ததில்லை. பிற்பகல் மூடுபனி இறங்கி அறை இருட்டாகிவிட்டது. படம் தெளிவாக விழவில்லை போல. அவள் போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஜை விளக்கை எடுத்து, அவளுக்குத் தெரிகிற மாதிரி புத்தகத்தின் மேல் பிடித்துக்கொண்டேன்.